நாட்குறிப்பு நின்றுபோன இடம்: பத்தானில் ஒரு பிலிப்பினோ வீரர் எழுதியவையும் எழுத முடியாமற்போனவையும்

1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் பத்தான் தீபகற்பத்துக் காடுகளுக்குள் ஜப்பானியரை எதிர்த்துத் தங்கியிருந்த படையினருக்கு முகவரி என்பது பெரும்பாலும் ஓர் எண்தான். மணிலாவிலிருந்து சாலை வழியே எத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகில் முகாம் இருக்கிறதோ, அந்தக் கல்லின் எண்ணே தலைமையகத்துக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் பெயராகிவிட்டது. அங்கிருந்து எழுதப்பட்ட நாட்குறிப்பில் தேதியோடு அந்தக் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து வருவதைக் காணலாம். ஏப்ரல் மாதத்தில் கணக்கு மாறுகிறது. தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள மரிவெலஸில் சுழியத்தில் தொடங்கி, சரணடைந்த படையினரை ஜப்பானியர் வடக்கே நடத்திச் சென்ற ‘பத்தான் மரண நடை’யின் வழியெங்கும் இன்று நிற்கும் நினைவுக் கற்கள் மரணத்தின் தூரத்தை எண்ணுகின்றன. முதல் கணக்கின் காலத்தில் நாட்குறிப்பு எழுதியவர்கள் பலர் இருந்தார்கள். இரண்டாம் கணக்கின் காலத்தில் அன்றன்று எழுதியவர்கள் அரிது. எழுத்து நின்றுபோன அந்த இடத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் ஆள் மூன்றாம் பெலிப்பே புவென்கமினோ. நண்பர்களுக்கு அவர் பிலிப். போருக்கு முன் பத்திரிகையாளராக இருந்தவர். பத்தானில் துணைநிலை அதிகாரியாக, படைத்துறை உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் சிமியோன் தே ஜேசுஸின் கீழ்ப் பணியாற்றினார். அவருடைய பாட்டனார் 1899 இல் பிலிப்பைன்ஸ் விடுதலைத் தலைவர் அகினால்டோவின் குடியரசு அரசில் வெளியுறவுப் பொறுப்பை ஏற்றவர். தந்தை விக்டர் புவென்கமினோ கால்நடை மருத்துவர்; போர் தொடங்கியபோது நாட்டின் அரிசி வணிகத்தை ஒழுங்குபடுத்த 1936 இல் ஏற்படுத்தப்பட்ட அரசு நிறுவனமான நாரிக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தந்தையும் மணிலாவில் நாட்குறிப்பு எழுதினார் என்பதுதான் இந்த வரலாற்றின் விசித்திரம். ஒருவர் நகரத்துக்கு அரிசி கிடைக்க ஜப்பானியரோடு மன்றாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், மற்றவர் மணிலா வளைகுடாவின் மறுகரையில், காட்டுக்குள் அரைவயிற்றோடு எழுதிக்கொண்டிருந்தார்.

உளவுப் பிரிவில் இருந்ததால் பிலிப்பின் பக்கங்களுக்கு ஒரு தனித்தன்மை வருகிறது. பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்குத் தன் முன்னால் இருக்கும் நூறு கஜம்தான் தெரியும். இவருக்கோ எதிரியின் வசமிருந்த மணிலாவுக்குள் ஊடுருவித் திரும்பிய ஒற்றர்கள் கொண்டுவரும் செய்திகள் எட்டின. நகரில் என்ன விலை, யார் புதிய நிர்வாகத்தில் சேர்ந்தார், எங்கே படை நகர்கிறது என்பதையெல்லாம் அறியும் இடத்தில் இருந்துகொண்டு, தன் வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் அவர் தேட வேண்டியிருந்தது. பத்திரிகையாளரின் பழக்கமும் ஒற்றுத்துறையின் தகவலும் மகனின் கவலையும் ஒரே கையெழுத்தில் கலந்துபோன ஆவணம் அது.

அவர் சேர்ந்திருந்த படை எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1941 ஜூலை 26 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், அமெரிக்காவின் கீழ் தன்னாட்சி பெற்றிருந்த பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் அரசின் படைகளை அமெரிக்கப் படைப்பணிக்குள் அழைத்து ஆணையிட்டார். டக்ளஸ் மெக்ஆர்தர் புதிய கூட்டுப்படையின் தளபதியானார். செப்டம்பரிலிருந்து பிலிப்பினோ ரிசர்வ் படையினரைக் கட்டம் கட்டமாகத் திரட்டத் தொடங்கினார்கள். டிசம்பர் 8 அன்று கிளார்க் விமானத்தளத்தின் மேல் குண்டுகள் விழுந்தபோது, அவர்களில் பலருக்குச் சில வாரப் பயிற்சிதான் முடிந்திருந்தது. கையில் முதல் உலகப் போர்க் காலத்து என்ஃபீல்டு துப்பாக்கி. அவர்களின் உடல்வாகுக்கு அது நீளமும் பாரமும் மிகுந்தது. காலில் ரப்பர் அடிவைத்த கேன்வாஸ் காலணி. தலையில் இரும்புத் தொப்பிக்குப் பதிலாக ‘கினித்’ என்ற நாரினால் செய்த தொப்பி. கினித் என்பது வேறொன்றுமில்லை, தென்னை மட்டையின் அடியில் வலைபோல் சுற்றியிருக்கும் நம்மூர்ப் பன்னாடைதான். மொழிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. தகலோக் பேசும் அதிகாரியின் கட்டளை விசயத் தீவுகளைச் சேர்ந்த சிப்பாய்க்குப் புரியவில்லை. இலோக்கானோ பேசுபவருக்கு இரண்டுமே அயல்மொழி.

இந்தப் படைதான் டிசம்பர் கடைசியில் லூசோன் தீவின் இரு முனைகளிலிருந்தும் பின்வாங்கி, 1942 ஜனவரி முதல் வாரத்துக்குள் பத்தானுக்குள் வந்து சேர்ந்தது. மணிலா டிசம்பர் 26 அன்று தற்காப்பற்ற திறந்த நகரமாக அறிவிக்கப்பட்டது. ஜனவரி 2 அன்று ஜப்பானியர் உள்ளே நுழைந்தார்கள். போர்க்கலை நோக்கில் அந்தப் பின்வாங்கல் திறமையாக நடந்த ஒன்று என்பதை விமர்சகர்களும் ஒப்புக்கொள்வார்கள். சோறு விஷயத்தில் அது படுதோல்வி.

பழைய போர்த்திட்டத்தின்படி பத்தானில் 43,000 பேருக்கு ஆறு மாதத்துக்கான பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். கடற்கரையிலேயே எதிரியைத் தடுத்துவிடலாம் என்று நம்பிய மெக்ஆர்தர் அந்தத் திட்டத்தை ஒதுக்கி, பொருள்களை முன்னணிக் கிடங்குகளுக்கு அனுப்பியிருந்தார். கடைசியில் தீபகற்பத்துக்குள் வந்து அடைந்தவர்கள் ஏறக்குறைய 80,000 படையினர். அவர்களோடு அகதிகளாக 26,000 பொதுமக்கள். வடக்கே கபனத்துவானில் அரசின் பெரும் நெற்களஞ்சியம் நிறைந்து கிடந்தது. ஒரு மாகாணத்து அரிசியை இன்னொரு மாகாணத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்ற காமன்வெல்த் விதி குறுக்கே நின்றதால் அதில் ஒரு மணியும் பத்தானுக்கு வரவில்லை. தார்லாக் கிடங்கின் பொறுப்பில் இருந்த அமெரிக்க அதிகாரி ஒருவர், அங்கிருந்த ஜப்பானியக் கடைக்காரர்களின் டப்பா உணவுப் பெட்டிகள் இரண்டாயிரத்தைக் கைப்பற்ற முயன்றபோது, அதைச் செய்தால் படைநீதிமன்றத்தில் நிறுத்தப்படுவீர் என்று தலைமையகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. போர் வெடித்த பிறகும் சமாதானக் காலத்துக் காகித ஒழுக்கத்தைக் கைவிட மனம் வராத அலுவலகத்தை நம்மால் எளிதில் கற்பனை செய்துகொள்ள முடிகிறது.

நாரிக்கின் தலைவருடைய மகன் பட்டினி கிடந்தார் என்று எழுதினால் அது கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் குற்றத்தை அந்தத் தந்தையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. விதியை இயற்றியது அரசு. அதை மீறும் அதிகாரமும் அவசரமும் இருந்தது படைத்தலைமைக்கு. தந்தையின் நாட்குறிப்பைப் படிக்கும்போது தெரிவது வேறு: களஞ்சியமும் வண்டியும் எதிரியின் கைக்குப் போன பின், ஒரு பெருநகரத்துக்கு அன்றாடம் அரிசி தேடித் தர வேண்டியவரின் இக்கட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான், பத்தானில் பசி என்பது எதிரி விளைவித்த முற்றுகையால் மட்டும் வந்தது அல்ல, அரிசி நகராமல் போனதாலும் வந்தது என்பது விளங்கும்.

ஜனவரி முதல் வாரத்திலேயே ரேஷன் பாதியாக்கப்பட்டது. மார்ச்சில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆயிரம் கலோரி. காட்டில் மேடேறிப் பள்ளமிறங்கிச் சண்டையிடும் ஆளுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பத்தான் வயல்களில் முற்றி நின்ற நெல்லை அறுத்து அரைத்தார்கள். எருமைகளை அடித்தார்கள். அவை தீர்ந்தபின் 26ஆம் குதிரைப்படையின் குதிரைகளையும் பொதிசுமந்த கோவேறு கழுதைகளையும் கொன்று தின்றார்கள். உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் கடைசியாகக் குதிரை மேல் பாய்ந்து தாக்கிய பிரிவு அது. குரங்கு, உடும்பு, பாம்பு, காட்டுக்கிழங்கு என்று கிடைத்ததெல்லாம் பானைக்குள் போயிற்று. கொய்னா தீர்ந்துகொண்டே வர, மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேருபவர்கள் மார்ச்சில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். எதிரியின் குண்டுக்கு முன்னால் கொசுதான் படையைக் கரைத்தது.

பசியின் காலத்தில் எழுதிய நாட்குறிப்பில் சாப்பாட்டைப் பற்றிய வரிகள் மிகுந்திருப்பது இயல்பு. பத்தான் நாட்குறிப்புகளில் அதற்கு ஈடாக இடம்பிடிப்பது வதந்தி. அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட கப்பல் வரிசையைப் பற்றிய பேச்சு அது. ஜனவரி 10 அன்று மெக்ஆர்தர், மணிலா வளைகுடா வாயிலில் தன் தலைமையகம் இருந்த கொரெகிடோர் தீவிலிருந்து பத்தானுக்கு ஒரே ஒரு முறை வந்து போனார். ஜனவரி 15 அன்று ஆயிரக்கணக்கான வீரர்களும் நூற்றுக்கணக்கான விமானங்களும் புறப்பட்டுவிட்டதாக எல்லாப் பிரிவுகளுக்கும் அவர் பெயரில் செய்தி வாசிக்கப்பட்டது. பிப்ரவரி 23 அன்று ரூஸ்வெல்ட் வானொலியில், மக்களை உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஆற்றிய உரையைக் கவனமாகக் கேட்டவர்களுக்குக் கப்பல் வராது என்பது விளங்கியிருக்கும். ஆனாலும் கப்பல் வரும் தேதியைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. உளவுப் பிரிவில் இருந்தவரும் அந்த நம்பிக்கைக்கு விலக்கல்ல. இதை ஏமாளித்தனம் என்று இன்று நாம் சொல்லிவிடலாம். அன்று அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கால்படி கஞ்சிதான்.

நாட்குறிப்புக்கும் நினைவுக்குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிடிபடுகிறது. பின்னாளில் எழுதுபவர் முடிவை அறிந்தவர். சரணடைதல் நடந்தது, கப்பல் வரவில்லை, மெக்ஆர்தர் மார்ச் 11 இரவு ரோந்துப் படகில் ஏறிப் போய்விட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே ஜனவரி மாதத்து நம்பிக்கையை எழுதும்போதும் அவர் பேனாவில் கொஞ்சம் கசப்பு கசிந்துவிடும். அன்றன்று எழுதியவரின் பக்கத்தில் அந்தக் கசப்பு இராது. நாளை கப்பல் வரும் என்று அவர் எழுதினால், உண்மையாகவே நாளையை எதிர்பார்த்து எழுதினார் என்று பொருள். ஒரு படை ஏன் மூன்று மாதம் தாக்குப்பிடித்தது என்று கேட்பவருக்கு, நூறு ஆய்வுரைகள் தர முடியாத விடையை அந்தத் தவறான எதிர்பார்ப்பு தருகிறது.

அதே நாள்களில் மேல்மட்டத்தில் நடந்தது வீரர்களுக்குத் தெரியாது. கொரெகிடோரின் மலிந்தா சுரங்கத்தில் காசநோயால் இருமிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் அதிபர் மானுவல் கேசோன், பிப்ரவரி 8 அன்று ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு யோசனையை அனுப்பினார்: பிலிப்பைன்ஸுக்கு உடனே விடுதலை அளித்து அதை நடுநிலை நாடாக அறிவித்துவிடலாம், அமெரிக்க, ஜப்பானியப் படைகள் இரண்டும் வெளியேறட்டும். வாஷிங்டன் மறுத்தது. பிப்ரவரி 20 அன்று கேசோன் நீர்மூழ்கிக் கப்பலில் தீவை விட்டுப் புறப்பட்டார். அவரோடு சென்ற படைத்தலைமை அதிகாரி பசிலியோ வால்தேஸ் மருத்துவராகவும் இருந்தவர். அவரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். முன்னணியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பிதெல் செகுந்தோவின் நாட்குறிப்பும் நமக்கு எஞ்சியிருக்கிறது. எழுதியவரைப் பின்னர் ஜப்பானியர் கொன்றுவிட்டார்கள். சுரங்கத்திலிருந்தவரும், காட்டு முகாமிலிருந்தவரும், பிடிபட்ட நகரத்திலிருந்தவரும் அதே வாரங்களைப் பற்றி எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும் வாய்ப்பு உலகப் போரின் எல்லாக் களங்களுக்கும் வாய்த்ததில்லை.

ஆயினும் இவர்கள் யாவரும் படித்த, வசதியுள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அது அமெரிக்க ஆட்சி தந்த பள்ளிக்கூடத்தின் மொழி, படையின் மொழி, செய்தித்தாளின் மொழி. சம்பாலெஸ் மலையடிவாரத்து உழவரின் மகனோ செபுவின் மீனவரோ பதுங்குகுழியில் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லும் தாள் நம் கையில் இல்லை. புவென்கமினோவின் பக்கங்களைப் ‘பிலிப்பினோ வீரனின் குரல்’ என்று பொதுப்படையாகச் சொல்வது மிகை. தலைமையகத்தை ஒட்டியிருந்த, ஜெனரலின் வண்டியில் போய்வந்த ஓர் இளம் அதிகாரியின் குரல் அது. இந்த வரம்பைச் சொல்லிவிட்டுப் படிப்பதுதான் அவருக்கும் மரியாதை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாட்குறிப்பு என்ற பெயரோடு நம்மிடம் வரும் எல்லாமே அன்றன்று எழுதியவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. போர்க்காலக் குறிப்புகளைப் பின்னாளில் தட்டச்சு செய்யும்போது விளக்கம் சேர்ப்பார்கள். சுருக்கெழுத்தை விரித்து எழுதுவார்கள். அன்று தெரியாத ஒரு பெயரோ எண்ணிக்கையோ நுழைந்துவிடும். ஒரு பதிவில் எழுதியவருக்கு அந்நாளில் தெரிந்திருக்க முடியாத செய்தி தென்பட்டால், அந்தப் பத்தியைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்பத்தி பொய் என்று அதனால் ஆகிவிடாது. அது எழுதப்பட்ட காலம் வேறு என்று தெரிகிறது, அவ்வளவே.

ஏப்ரல் 3 அன்று ஜப்பானியரின் கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று ஜெனரல் எட்வர்டு கிங் லமாவ் என்ற இடத்தில், மேலிடத்தின் ஆணையை மீறி, தன் பொறுப்பில் சரணடைந்தார். ஏறக்குறைய 12,000 அமெரிக்கரும் 60,000க்கு மேற்பட்ட பிலிப்பினோக்களும் ஒரே நாளில் கைதிகளானார்கள். இத்தனை பேர் கிடைப்பார்கள் என்று ஜப்பானியத் தளபதி ஹொம்மாவின் அலுவலர்கள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்த சில பத்தாயிரம் பேருக்கும்கூட உணவோ வண்டியோ சரியாக ஏற்பாடாகவில்லை. ஏற்பாட்டுக் குறையை வைத்து அடுத்து நடந்ததை விளக்கிவிட முயல்பவர்கள் உண்டு. வரிசையில் தள்ளாடியவரைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தியதையும், ஏப்ரல் 12 அன்று பந்திங்கான் ஆற்றங்கரையில் 91ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பிலிப்பினோ அதிகாரிகளையும் சார்ஜெண்டுகளையும் கைகளைக் கட்டி நூற்றுக்கணக்கில் வெட்டிக் கொன்றதையும் எந்த ஏற்பாட்டுக் குறையும் விளக்காது.

புவென்கமினோவும் அந்த வரிசையில் நடந்தவர். அவருடைய நாட்குறிப்பின் தொடர் அங்கே அறுகிறது. காரணம் தேட வேண்டியதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைச் சித்திரை வெயிலில், பல நாள்கள் சோறின்றி, சாலையோரக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்க விடாமல் நடத்தினார்கள். சோதனையில் ஜப்பானிய நாணயமோ பொருளோ சட்டைப்பையில் அகப்பட்டவர்கள், செத்த சிப்பாயிடமிருந்து திருடியதாகக் கருதப்பட்டு அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். அந்த நிலையில் உளவுப் பிரிவு அதிகாரியிடம் எழுதிய தாள் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் எழுதப்படாமல் போன நாள்களையும் ஆவணம் என்றே கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். மார்ச் மாதத்தில் பட்டினியிலும் காய்ச்சலிலும் எழுத முடிந்தவரால் ஏப்ரலில் எழுத முடியவில்லை என்றால், அந்த இரு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் எத்தகையது என்பதை அந்த வெற்றிடம் காட்டிவிடுகிறது.

வெற்றிடத்தை நிரப்புவது தப்பியவர்கள் பின்னர் சொன்னதும் ஊர்மக்கள் பார்த்ததும்தான். பம்பாங்காவின் ஊர்களுக்குள் வரிசை நுழைந்தபோது, தெருவின் இருபுறமும் நின்ற பெண்கள் வாழையிலையில் பொதிந்த சோற்றையும் வெல்லக் கட்டியையும் கரும்புத் துண்டையும் வரிசைக்குள் எறிந்தார்கள். காவலன் திரும்புவதற்குள் கைதி அதைப் பிடித்துவிட வேண்டும். எறிந்ததற்காக அடிபட்டவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. எவரேனும் ஒருவர் வரிசையிலிருந்து வழுவி வீட்டுக்குள் புகுந்தால், அவருக்கு வேட்டைக்காரத் தோற்றமோ விவசாயித் தோற்றமோ தந்து மாற்றுடை கொடுத்து ஒளித்தார்கள். பிலிப்பினோக் கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் இப்படித் தப்பினார்கள். அமெரிக்கக் கைதிக்கு முகத்தின் நிறம் காரணமாக இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

சான் பெர்னாண்டோவில் ரயில் ஏற்றினார்கள். முப்பது நாற்பது பேர் நிற்கக்கூடிய இரும்புச் சுவர் கூட்ஸ் பெட்டி ஒவ்வொன்றிலும் நூறு பேரை அடைத்துக் கதவை இழுத்து மூடினார்கள். வெயிலில் சுவர் கொதித்தது. உள்ளே செத்தவர் விழுவதற்கும் இடமில்லாமல் நின்றபடியே இருந்தார் என்று தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். தார்லாக் மாகாணத்தின் காப்பாஸ் நிலையத்தில் இறக்கி, மீண்டும் சில மணிநேரம் நடத்தி ஓ'டானல் முகாமில் சேர்த்தார்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்று காப்பாஸ் நினைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஓ'டானல், பிலிப்பைன்ஸ் படைக்காகக் கட்டத் தொடங்கி முடிவடையாமல் கிடந்த பயிற்சி முகாம். அங்கே பிலிப்பினோக் கைதிகளும் அமெரிக்கரும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டார்கள். கொடுத்தது பெரும்பாலும் ‘லுகாவ்’ எனும் அரிசிக் கஞ்சி. தண்ணீருக்கு மணிக்கணக்கில் வரிசை. வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் சேர்ந்தபோது உடம்பில் எதிர்க்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சில மாதங்களில் அமெரிக்கப் பகுதியில் ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். பிலிப்பினோப் பகுதியில் இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர் அல்லது அதற்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. மூங்கிலில் கட்டிய கம்பளியில் உடலைக் கிடத்தி, முன்னும் பின்னும் ஆள்கள் தோளில் தாங்கிப் போவார்கள். ஒரு சுமையின் பின் அடுத்த சுமை வரும். பிலிப்பினோப் பகுதியிலிருந்து இடுகாட்டுக்குச் செல்லும் அந்த வரிசை பகலெல்லாம் அறாமல் ஓடியதை வேலிக்கு இப்பாலிருந்து பார்த்த அமெரிக்கக் கைதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று சுமந்தவர் அடுத்த வாரம் சுமக்கப்பட்டார்.

இந்த எண்ணிக்கைகளைப் பார்த்த பின் ஒரு கேள்வி எழாமல் போகாது. நடந்தவர்களிலும் இறந்தவர்களிலும் பெரும்பான்மையினர் பிலிப்பினோக்கள். ஆனால் உலகம் இந்த நிகழ்ச்சியை அறிந்தது பெரும்பாலும் அமெரிக்கர் எழுதிய நினைவுநூல்களின் வழியாகத்தான். 1943 இல் தப்பிச் சென்ற அமெரிக்க அதிகாரிகள் சொன்ன சாட்சியம் 1944 ஜனவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளியானபோதுதான் அங்குள்ள பொதுமக்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். அந்த வரலாற்றில் பிலிப்பினோ வீரர் பெரும்பாலும் பெயரில்லாத துணைவர். சோறு எறியும் கை. இடுகாட்டுக்குப் போகும் வரிசை. ஒரு பிலிப்பினோவின் நாட்குறிப்புக்கு மதிப்பு கூடுவது இங்கேதான். அதில் அமெரிக்கர்தான் துணைப்பாத்திரம். பெயரும் வீடும் கோபமும் உள்ள மனிதர்களாகப் பிலிப்பினோக்கள் இருக்கிறார்கள்.

முகாமில் நாட்குறிப்பு எழுதப்படாத மாதங்களில் வேறொரு வகை எழுத்து நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சாரணர் இயக்கத்தை அந்நாட்டில் நிறுவிய ஹொசேபா லியானெஸ் எஸ்கோதா தன் தோழியரோடு காப்பாஸுக்குப் போய்வந்து, கைதிகளின் பெயர்களைத் திரட்டினார். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்ற செய்தியைக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தார். மருந்தையும் துணியையும் கடிதத்தையும் உள்ளே அனுப்பினார். 1944 இல் அவரைப் பிடித்துச் சென்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. நாட்டின் 1,000 பெசோ நோட்டில், பத்தானில் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிப் பின்னர் கொல்லப்பட்ட ஜெனரல் விசென்தே லிம்மின் முகத்தோடு எஸ்கோதாவின் முகமும் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. அந்த வாரங்களில் ஒரு தாய்க்குத் தேவைப்பட்டது பட்டியலில் மகனின் பெயர் இருக்கும் ஒரே ஒரு வரிதான்.

1942 இன் நடுப்பகுதியிலிருந்து பிலிப்பினோக் கைதிகளைத் தொகுதி தொகுதியாக விடுவிக்கத் தொடங்கினார்கள். கெரில்லாப் படைகளில் சேர மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஊர்ப் பெரியவரோ அதிகாரியோ ஜாமீன் நிற்க வேண்டும். விடுதலையான பலர் ரயிலடியில் காத்திருந்த குடும்பத்தாரால் அடையாளம் காண முடியாத உருவத்தில் வந்தார்கள்; வீடு வந்து சேர்ந்த சில நாள்களில் இறந்தவர்களும் பலர். புவென்கமினோ பிழைத்தார். ஆனால் அவர் திரும்பி வந்த மணிலா, காம்பவுண்டு சுவர் இல்லாத முகாம் போன்றதே. பக்கத்து வீட்டாரின் விரல் நீண்டால் போதும், ஜப்பானியரின் சந்தியாகோ கோட்டைச் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

மற்றொரு முன்னாள் கைதியின் வழி வேறு. கரையோரக் காவல் படையில் கியூ-112 என்ற சிறு டார்பிடோப் படகின் தலைவராக இருந்த ரமோன் அல்கராஸ், மலோலோஸ் கைதி முகாமிலிருந்து விடுதலையான பின் ஜப்பானியர் மேற்பார்வையிலான காவல்படையில் சேர்ந்தார். சேர்ந்துகொண்டே கெரில்லாக்களுக்கு உதவினார். அவரும் அந்த ஆண்டுகளைப் பற்றிய நாட்குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார். யார் எதிரியோடு ஒத்துழைத்தார், யார் ஒத்துழைப்பதுபோல் நடித்தார் என்ற கேள்வி போருக்குப் பின் நாட்டையே பிளந்தது. 1948 இல் அதிபர் ரோஹாஸ் பொதுமன்னிப்பு அளித்து அதை மூடினார். அல்கராஸின் பெயரைப் பின்னாளில் ஒரு போர்க்கப்பலுக்குச் சூட்டினார்கள்.

1944 இல் புவென்கமினோவின் நாட்குறிப்பு மீண்டும் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று மணிலாவின் மேல் அமெரிக்க விமானங்கள் திரும்பி வந்தன. இரண்டரை ஆண்டு பிந்தி வந்தது அந்தக் கப்பல் வரிசை. பத்தானில் எழுதியபோது படையின் பசி. இப்போது எழுதும்போது நகரத்தின் பசி. அரிசி விலை மூட்டைப் பணத்துக்கும் எட்டாமல் ஏறியிருந்த மாதங்கள் அவை. முன்பு எழுதியவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று ஐயுறும்படி எழுத்தில் ஒரு நிதானம் வந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

போர் முடிந்தபின் காகிதம் வேறு விதமாகப் பழிவாங்கியது. 1946 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், ரூஸ்வெல்ட்டின் ஆணையின் பேரில் பணியாற்றிய பிலிப்பினோக்களின் பணியைப் பெரும்பாலான படைவீரர் சலுகைகளுக்கு அமெரிக்கப் படைப்பணியாகக் கருத இயலாது என்றது. அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2009 இல், உயிரோடிருந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகை அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது மறுக்கப்பட்டது. 1948 இல் அமெரிக்கப் படை திரட்டி முடித்த பெயர்ப்பட்டியல்களிலும் ஆவணங்களிலும் தொண்ணூறு வயதுக் கிழவரின் பெயர் அகப்படவில்லை என்பதே பலருக்குச் சொல்லப்பட்ட காரணம். பந்திங்கான் ஆற்றங்கரையிலும் ஓ'டானல் வாசலிலும் எழுதிய தாளை எறிந்துவிட்டுத்தான் அவர்கள் பிழைத்திருந்தார்கள்.

புவென்கமினோ அப்படிப்பட்ட கிழவராகும் வரை வாழவில்லை. போருக்குப் பின் அவர் கேசோனின் மகள் செனாய்தாவை மணந்தார். 1949 ஏப்ரல் 28 அன்று, மறைந்த அதிபரின் பெயரிலான மருத்துவமனையைத் திறந்துவைக்க அவருடைய மனைவி அவுரோரா கேசோன் பலேர் நகரத்துக்குப் புறப்பட்டபோது, மூத்த மகளும் மருமகன் பிலிப்பும் உடன் சென்றார்கள். நுவேவா எசிஹாவின் மலைச்சாலையில், ஹுக் எனப்பட்ட உழவர் கெரில்லாப் படையினர் என்று கருதப்பட்ட ஆயுததாரிகள் வழிமறித்துச் சுட்டதில் மூவரும் இறந்தார்கள். ஹுக் இயக்கம் தொடங்கியது 1942 மார்ச் 29 அன்று, ஜப்பானியரை எதிர்ப்பதற்காக. பத்தானின் காட்டுக்குள் பிலிப் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கடைசி நாள்கள் அவை.